அப்பா குளிக்கிறாங்க

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். கிள்ளானில் மூன்று அடுக்குமாடி ஃபிளாட், தரை வீடுகள் இருக்கிற ஒரு தாமான். பதினாறு பிள்ளைகள். ஃபிளாட்டுக்குத் திரும்புகிற சந்திலேயே ஒரு தடவை ஹோன் அடித்துவிடுவேன். வாசலுக்குப் போய் அடிக்க மாட்டேன். சந்தில் மோட்டார் கடை வைத்திருக்கிற தம்பி இதற்காக என்னைத் திட்டாத நாள் இல்லை.

"ஏன்க்கா, இங்க யாரு உங்க வேன்ல ஏறப் போறா? எனக்கா அடிக்கிறீங்க?"

கையை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் நீளும். எனக்கு நீளமாகப் பேச வராது. எழுதியும் பழக்கம் இல்லை. மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. ஆனால் காரணம் இருக்கிறது. எனக்கு ஐந்து வயதில் நடந்தது.

அப்போது நாங்கள் கிள்ளானில் ஒரு ஃபிளாட்டில் ஐந்தாவது மாடியில் இருந்தோம். அதுதான் கடைசி மாடி. லிஃப்ட் கிடையாது. ஏ, பி, சி என்று மூன்று பிளாக். மூன்றும் ஒரே அச்சு. ஒரே மஞ்சள் பெயின்ட், அது உரிந்த இடமும் ஒரே இடம். நாங்கள் பி பிளாக்.

அப்பா லோரி ஓட்டுநர். ஜோகூர் போவார், பினாங்கு போவார். வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். வந்தால் தூங்குவார். நின்றுகொண்டே தூங்கக்கூடிய மனிதர். ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் சி பிளாக்கில் ஏறிவிட்டார். அங்கே ஐந்தாவது மாடியில் எங்கள் வீட்டுக்கு நேரான வீட்டிலும் தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அக்கா, தன் வீட்டுக்காரரைத் தேடி வந்த கூட்டாளி என்று நினைத்து உட்காரச் சொல்லித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பாவும் உட்கார்ந்து குடித்திருக்கிறார். பாதி குடித்த பிறகுதான் சுவரில் இருந்த கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை வேறு ஆள் என்பது கண்ணில் பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டு விஷயத்தில் அப்பாவுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா அந்த வருடம் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பு. மத்தியானம் ஒன்றேகால் வாக்கில் வேன் வந்து கீழே ரோட்டோரத்தில் இறக்கிவிடும். வேன் அங்கிள் நல்லவர்தான், ஆனால் அடுத்த பிள்ளைகளும் இருப்பதால் அவரால் நிற்க முடியாது. ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக ஐந்து மாடி ஏறவிடவும் முடியாது. இரண்டாவது மாடிப் படியில் வேலை வெட்டி இல்லாத மூன்று பேர் எந்நேரமும் உட்கார்ந்திருப்பார்கள். ஆக, அம்மா இறங்கியே ஆக வேண்டும்.

ஒன்றேகால் என்பது நான் தூங்குகிற நேரம்.

எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவுக்குக் காது கேட்காது. ஆரம்பத்தில் அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். நான் கனமான பிள்ளை. மழை பெய்து படி ஈரமாக இருந்த ஒரு நாள் வழுக்கி, நானும் அம்மாவும் ஆறு படி உட்கார்ந்தே இறங்கினோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு முழங்கையில் தோல் பிய்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து என்னைப் பாயில் விட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

இது அப்பா காதுக்குப் போனது. அக்கா வாய் அப்படி.

"தூங்குற பிள்ளைய தனியா விட்டுட்டுக் கீழ எறங்குறதா? எதாவது ஆச்சுன்னா?"

"ஏழு நிமிஷம்ங்க."

"ஏழு நிமிஷத்துல என்ன வேணும்னாலும் ஆகும். தூக்கிட்டுப் போ."

"படியில வுழுந்தா?"

"மெதுவா எறங்கு."

"மெதுவா எறங்குனா வேன் போயிரும்."

"விடக்கூடாதுன்னா விடக்கூடாது."

அம்மா சரி என்றார். இரண்டு நாள் தூக்கிக்கொண்டு இறங்கினார். மூன்றாம் நாள் அப்பா பினாங்கு போனதும் என்னைப் பாயில் விட்டார்.

அந்த ஏழு நிமிஷம்தான் என் சின்ன வயதிலேயே நல்ல நேரம்.

ஏனென்றால் நான் தூங்கவே இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

அம்மா என்னைப் பாயில் போட்டுத் தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நீளமாக இழுத்து விடுவேன். கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து சில வேலைகள் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் தலையை மூடுவார். பாத்ரூமில் வாளி நிறையப் பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டி, வாளியைக் கவிழ்த்து வைப்பார். எங்கள் ஃபிளாட்டில் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகும், அதனால் மற்ற நேரத்தில் ஒரு குவளை தண்ணீரை வீணாக்கினாலும் திட்டு விழும். மத்தியானம் மட்டும் வாளித் தண்ணீர் முழுவதையும் கொட்டுவார். அம்மாவுக்கு மறதி ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்வேன். இன்னொன்று, முக்காலியை எப்போதும் முன் சன்னலுக்குக் கீழேயே விட்டுவிடுவார். வீட்டில் கம்பி போட்ட சன்னல் அது ஒன்றுதான். மற்ற சன்னல்களைச் சாத்திக் கொக்கி மாட்டுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மறதி சுசு டின். இனிப்புக் கெட்டிப்பால். எறும்பு வராமல் தண்ணீர்க் கிண்ணத்தில் உட்காரவைத்து மேல் தட்டில் வைத்திருப்பார். எனக்கு எட்டாது. மத்தியானம் தே கலக்கிக் குடித்துவிட்டு, அதைத் திரும்ப மேலே வைக்க மறந்து கீழே பலகையிலேயே விட்டுவிடுவார். தினமும்.

பிறகு என் பக்கத்தில் குனிந்து "பாப்பா" என்பார். நான் அசைய மாட்டேன். "பாப்பா" என்பார், இன்னும் மெதுவாக. மூன்றாவது தடவை சொல்வது எனக்கே கேட்காது. அப்புறம் கதவு சாத்துகிற சத்தம், வெளிக் கிரில்லில் பூட்டு மாட்டுகிற சத்தம், சிலிப்பர் சத்தம். சிலிப்பர் முதல் திருப்பம் திரும்பியதும் எழுந்துவிடுவேன்.

முதலில் சுசு டின். மூடியில் இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்றில் வாயை வைத்து உறிஞ்சினால் இன்னொன்றில் காற்று 'ப்பீ' என்று போகும். மூன்று இழுப்பு. அதற்கு மேல் இழுத்தால் தெரிந்துவிடும் என்று நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். பிறகு முக்காலியில் ஏறிச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

கீழே அம்மா வருவார். ஐந்து மாடி உயரத்திலிருந்து பார்த்தால் தலையும் நடுவகிடும் மட்டும்தான் அம்மா. படிக்கட்டிலிருந்து வெளியே வந்ததும் கஃப்தானை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். கார் நிறுத்துகிற இடம் முழுக்க ஓட்டம்தான். காருக்கு நடுவில் புகுந்து, மோட்டார் வரிசையைச் சுற்றி, சாக்கடைப் பலகையைத் தாண்டி ரோட்டோரம் போய் நிற்பார். வேன் வரும். அக்காவை இறக்கிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பவும் ஓட்டம். அக்காவின் முதுகில் பை குதிக்கும்.

அம்மா வேறு எங்கேயும் ஓடிப் பார்த்ததில்லை. கோயிலில் அடிமேல் அடி வைத்துச் சுற்றுவார். பாசாரில் நின்று நின்று நடப்பார். மழை வந்தால்கூடக் குடையை விரித்துக்கொண்டு நிதானமாக வருவார். இங்கே மட்டும் ஓடுகிறார், தினமும், யாரும் சொல்லாமல். பெரியவர்களுக்கும் விளையாட ஆசை இருக்கும்போல, வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவு செய்தேன். அதனால் நானும் யாரிடமும் சொல்லவில்லை.

படியில் சத்தம் கேட்டதும் பாய்க்கு ஓடி, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விடுவேன். அம்மா உள்ளே வந்து என் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன்.

நான் முழித்திருப்பது தெரிந்தால் எல்லாம் போச்சு. சுசு போச்சு, சன்னல் போச்சு, ஓட்டம் போச்சு. தோளில் தொங்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அதுதான் என் ஒரே பயம்.

அம்மாவுக்கு வேறு பயங்கள் இருந்தன. வீட்டில் ஆம்பிளை இல்லை என்று தெரியக்கூடாது என்று, கப்பல் போர்ட்டில் வேலை பார்த்த மாமாவிடம் பழைய சேஃப்டி பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்து வாசலில் வைத்தார். அப்பாவிடம் இருந்த ஒரே ஜோடி அவர் காலிலேயே ஊர் சுற்றியது. மாமா பெரிய ஆள். இந்த பூட்ஸில் என் இரண்டு காலும் ஒரே பக்கத்தில் நுழையும். பிறகு எனக்கு ஒரு பாடமும் நடந்தது. தலை சீவும்போது கேட்பார்.

"யாராச்சும் கதவத் தட்டுனா என்ன சொல்லணும்?"

"அப்பா குளிக்கிறாங்க."

"அப்புறம்?"

"அப்புறமா வாங்க."

"கதவத் தொறன்னு சொன்னா?"

"அப்பா குளிக்கிறாங்க."

"நான்தான் அப்பான்னு சொன்னா?"

"அப்பாகிட்ட சாவி இருக்கு."

சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கட். ஒரு எழுத்து மாறினாலும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் எதையும் இவ்வளவு நன்றாகப் படித்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கிரில் பூட்டு துருப் பிடித்தது. அம்மா கீழே கடையில் புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். அப்பா அந்த வாரம் ஜோகூரில் இருந்தார். வந்ததும் புதுச் சாவியைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சாவியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அப்பா ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்.

அன்றைக்கு வேன் லேட். அம்மா கீழே ஓடிப் போய் ரோட்டோரம் நின்று, ரோட்டை ஒரு தடவை, எங்கள் சன்னலை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பார்க்கும்போதெல்லாம் நான் குனிந்துகொண்டேன். குனிந்து குனிந்து அலுத்துப் போய், திரும்பவும் சுசு டின்னுக்கு வந்தேன். நாலாவது இழுப்பு, ஐந்தாவது இழுப்பு. வாய் நிறையப் பால்.

அப்போது வாசலில் காலடிச் சத்தம். சிலிப்பர் இல்லை, பூட்ஸ்.

அப்பா லோரியைப் பின் ரோட்டில் நிறுத்திவிட்டுப் பின்பக்கப் படி வழியாக ஏறியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. பூட்டில் சாவி போட்டுத் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. திருப்புகிறார், திருப்புகிறார், திறக்கவில்லை. பிறகு கிரில்லைத் தட்டினார்.

"ஏய், கதவத் தொற."

பாடம் ஞாபகம் வந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, வாயில் பால் ஒட்டிக்கொள்ள, கட்டைக் குரலில் சொன்னேன்.

"அப்பா குளிக்கிறாங்க. அப்புறமா வாங்க."

பிறகு மெதுவாக ஒரு கேள்வி.

"யாரு அப்பா?"

"எங்கப்பா."

"எங்க குளிக்கிறாரு?"

என்ன ஆளு இவர் என்று நினைத்தேன். "பாத்ரூம்ல."

"நான் அப்பா பேசுறேன்."

குரல் அப்பா குரல் மாதிரிதான் இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் அதிகமானது. இப்படித்தான் கேட்பார்கள் என்று அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டாரே.

"அப்பாகிட்ட சாவி இருக்கு" என்றேன்.

வெளியே அப்பா கையில் இருந்த சாவியைப் பார்த்திருக்கிறார். பூட்டைப் பார்த்திருக்கிறார். பளபளவென்று புதுப் பூட்டு. கீழே பார்த்தால் யாருடைய பூட்ஸோ, அவர் பூட்ஸைவிட இரண்டு மடங்கு. உள்ளே கட்டைக் குரலில் யார் வீட்டுப் பிள்ளையோ. அந்த வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருக்கிறார். சி பிளாக் தே அவர் தொண்டைக்கு வந்திருக்கும்.

"சாரிம்மா" என்றார் எங்கள் அப்பா என்னிடம். "வீடு மாறி வந்துட்டேன். அப்பாகிட்ட சொல்லிரு."

போய்விட்டார். எனக்கு ஒரே பெருமை. பிஸ்கட் ஒன்று போதாது, இதற்கு இரண்டு தர வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான், இதைச் சொன்னால் நான் முழித்திருந்தது தெரிந்துவிடும் என்பது உறைத்தது. பிஸ்கட்டை விட்டுவிட்டு முக்காலியில் ஏறினேன்.

கீழே முன்பக்கப் படியிலிருந்து ஒரு ஆள் வந்தார். வெளியே வந்து, திரும்பி நின்று, கட்டடத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். சுவரில் பெரிதாக எழுதியிருக்கிற பி எழுத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். அந்தச் சொறி எங்கள் அப்பாவின் சொறி. அப்பா எப்படிக் குளித்து முடித்துக் கீழே போனார் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவ்வளவு தடவை சொல்லிச் சொல்லி, பாத்ரூமில் ஒரு அப்பா இருக்கிறார் என்று நானே பாதி நம்பியிருந்தேன்.

பின்னால் நடந்துகொண்டே போனவர் ரோட்டோரம் போய் அம்மா மேல் இடித்தார்.

அவர்கள் பேசியது மேலே கேட்கவில்லை. பிறகு வருடக்கணக்காக வீட்டில் பேசிப் பேசி எனக்கு மனப்பாடம்.

"நீ இங்க என்ன பண்றே?"

"வேன் இன்னும் வரலங்க."

"அப்போ பாப்பா?"

"தூங்குது."

"எங்க?"

அம்மா மேலே சன்னலைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"நம்ம வீட்டுல யாருடி குளிக்கிறது?" என்றார் அப்பா.

அவ்வளவுதான், இரண்டு பேரும் ஓடினார்கள். அம்மா ஓடியது நான் முழித்துவிட்டேன் என்று. அப்பா ஓடியது யாரோ ஒருத்தன் குளிக்கிறான் என்று. கஃப்தானை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அம்மா முன்னால், பூட்ஸ் தடதடக்க அப்பா பின்னால். சாக்கடைப் பலகை, மோட்டார் வரிசை, கார். அம்மாவுக்குப் பழகிய பாதை, அப்பாவுக்குப் புதுசு. மோட்டார் வரிசையில் சிக்கிக்கொண்டார். அம்மா பத்தடி முன்னால் போய்விட்டார்.

அதே நேரம் வேன் வந்தது. அக்கா இறங்கினாள். அவளைக் கூப்பிட வந்த அம்மா அவளை விட்டு ஓடிக்கொண்டிருந்தார். ஜோகூரில் இருக்க வேண்டிய அப்பாவும் கூடவே ஓடிக்கொண்டிருந்தார். அக்கா ஓவென்று அழுதுகொண்டு பின்னால் ஓடினாள். அக்கா சீட்டில் விட்டுவிட்ட தண்ணீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு வேன் அங்கிளும் இறங்கி ஓடினார். அவருக்குத் தொப்பை உண்டு.

நாலு பேர். அம்மாதான் முதல். நான் முக்காலியில் குதித்துக் கைதட்டினேன். அதைவிட சந்தோஷமான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் ரொம்ப இல்லை.

படியில் இடி மாதிரி சத்தம் வந்ததும் பாய்க்கு ஓடினேன். கண்ணை மூடி மூச்சு விட்டேன். பூட்டு திறக்க நேரமானது. கதவு திறந்ததும் அப்பா நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் கதவை உதைத்தார். கவிழ்ந்த வாளி ஒன்று உருண்டது.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்குக்கு முன்னால் விரலை வைத்தார். என் வாயிலிருந்து தாடை வரைக்கும் சுசு இறங்கியிருந்ததை நான் அறியவில்லை. இரண்டு எறும்புகூட வந்துவிட்டதாம்.

அப்பா வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"யாரு பூட்ஸு அது?"

"எங்கண்ணன்து. சும்மா வெச்சேன்."

"பூட்டு?"

"பழசு துருப் பிடிச்சிருச்சு."

அக்காவின் தேம்பல் மட்டும் வாசலில் கேட்டது.

"தனியா விடாதேன்னு சொன்னேன்ல."

ஏழு நிமிஷம் முடிந்தது, இனித் தோள்தான் என்று தெரிந்துவிட்டது. கண்ணை இன்னும் இறுக்கி மூடினேன்.

அப்பா குனிகிற சத்தம் கேட்டது. டீசல் வாசனை பக்கத்தில் வந்தது.

"பாப்பா" என்றார். "அப்பா குளிச்சு முடிச்சிட்டாங்களா?"

பாடம் பாடம்தான். கண்ணைத் திறக்காமலே சொன்னேன்.

"இன்னும் இல்ல. அப்புறமா வாங்க."

முதலில் வெடித்தது வேன் அங்கிள். தண்ணீர் போத்தலோடு வாசலில் உட்கார்ந்தே விட்டார். "அய்யோ லா, என்னால முடியல" என்றார். பிறகு அப்பா. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதற்கென்று தெரியாமல் அக்காவும் சிரித்தாள். அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். என் தலை நனைந்தது. எல்லாரும் சிரிக்கும்போது இவர் ஏன் அழுகிறார், ஓட்டத்தில் முதலில் வந்தவராச்சே என்று நினைத்தேன்.

இதோடு முடியவில்லை.

சிரித்தாலும் அப்பா சட்டத்தை விடவில்லை. நாளையிலிருந்து தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்றார். இந்தத் தடவை அவருக்கு லோரி ரிப்பேர், நாலு நாள் வீட்டில் இருந்தார். இரண்டு நாள் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைச் சன்னலில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் அம்மா கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது.

"பாப்பாவ தூக்கிக்கிட்டுத்தான் போகணும், தெரியும்ல?" என்று அம்மா போகும்போது சொன்னார்.

"எனக்கே சொல்றியா?" என்றார் அப்பா.

ஒன்றேகால் ஆனது. அப்பா என்னைத் தூக்கினார். நான் உடம்பைத் தளரவிட்டேன். தூங்குகிற பிள்ளை எவ்வளவு கனம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதைவிடக் கொஞ்சம் கூடவே கனத்தேன். வாசல் வரைக்கும் வந்தார். ஒரு கையில் நான், ஒரு கையில் பூட்டு, பல்லில் சாவி. கீழே வேன் ஹோன் கேட்டது. அப்பா படியைப் பார்த்தார். காலையில்தான் மழை பெய்து படி பளபளத்தது. திரும்பி உள்ளே வந்து என்னைப் பாயில் வைத்தார்.

"பாப்பா" என்றார். மூன்று தடவை அல்ல, ஒரு தடவைதான். பிறகு பூட்டினார், பூட்ஸ்கூடப் போடவில்லை, இறங்கினார்.

முக்காலியில் ஏறிப் பார்த்தேன். கீழே எங்கள் அப்பா வெறுங்காலோடு, சாரோங் மடித்துக் கட்டி, கல் குத்தக் குத்த ஓடினார். அம்மா மாதிரி வராது. பக்கவாட்டில் ஓடினார்.

சாயங்காலம் அம்மா வந்து கேட்டார். "தூக்கிட்டுத்தானே போனீங்க?"

"ம்" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அப்பா வேன் அங்கிளைப் பார்க்கப் போனார். எனக்கும் ஒரு கை கொடுத்து நடத்திக் கூட்டிப் போனார். "அண்ணே, நீங்க வாசல்ல வந்து ஹோன் அடிக்காதீங்க" என்றார். "சந்துல திரும்பும்போதே அடிச்சிருங்க. எவ்வளவு நேரம் நிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறாங்க. ஹோன் கேட்டுட்டு எறங்குனா போதும், நீங்க வாசலுக்கு வர்றதும் சரியா இருக்கும்."

வேன் அங்கிள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து சிலிப்பர் இல்லாம யாரு ஓடுனது?" என்றார்.

"வீட்டுல சொல்லிராதீங்க" என்றார் அப்பா.

அதிலிருந்து ஏழு நிமிஷம் நாலு நிமிஷமானது. தூக்கிக்கொண்டு போ என்ற பேச்சு எங்கள் வீட்டில் அப்புறம் வரவில்லை. அந்த வருடம் முழுக்க அம்மா ஓடினார். நான் பார்த்தேன். மாமாவின் பூட்ஸ் வாசலிலேயே இருந்து ஒரு நாள் அதில் பூனை குட்டி போட்டது.

இப்போது எங்கள் வீடு தரை வீடு. அப்பா ஓய்வில் இருக்கிறார், இஷ்டத்துக்குத் தூங்குகிறார். அவர் குளிக்கப் போனால் வீட்டில் யாராவது ஒருத்தர் அந்த வசனத்தைச் சொல்லியே தீருவோம். அக்கா செராஸிலிருந்து தீபாவளிக்கு வரும்போதெல்லாம், "என்னை நடுரோட்டுல விட்டுட்டு ஓடுன குடும்பம்" என்று ஆரம்பிப்பாள்.

போன தீபாவளிக்கும் ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்து முடித்ததும் நான் அடுப்படிக்குப் போனேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முட்டி போய்விட்டது, நிற்க முடியாது. மேல் தட்டில் சுசு டின் இருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில், வழக்கம் போல. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. இத்தனை வருடம் தோன்றவில்லை.

"மத்தியானத்துல மட்டும் டின்ன கீழ வெச்சிருப்பீங்களே, அது மறதியாம்மா?"

அம்மா உரித்துக்கொண்டே இருந்தார். "கீழ வெச்சா அதுல உன் கை இருக்கும். வேற எதுலயும் கை போகாது."

"அப்போ நான் முழிச்சிருந்தது தெரியுமா?"

"தினம் மூணு தடவ கூப்புடுவேன். மூணாவதுக்குச் சிரிப்ப அடக்குவே."

"தெரிஞ்சும் விட்டுட்டுப் போனீங்களா?"

கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையில் கண்ணைத் துடைத்தார். வெங்காயம்தான்.

"பிள்ள தூங்குதுன்னு நெனச்சாத்தான் எனக்கு வாசலத் தாண்டக் கால் வரும்" என்றார்.

மிச்ச வெங்காயத்தை நான் உரித்தேன்.

என் வேனுக்கு வருகிற தாய்மார்களில் ஒரு பெண் இருக்கிறது. நாலாவது மாடி. சந்து ஹோன் கேட்டதும் வரும். கை ஈரமாக இருக்கும், சிலிப்பர் ஜோடி மாறியிருக்கும். பிள்ளையை வாங்கிக்கொண்டு மேலே ஒரு சன்னலைப் பார்த்துவிட்டு ஓடும். நானும் அந்தச் சன்னலைப் பார்ப்பேன். சில நாள் அங்கே ஒரு சின்னத் தலை தெரியும், உடனே மறையும். நான் யாரிடமும் சொல்வதில்லை.

அம்மா ஓடிய அந்த வருடத்துக்கு அடுத்த வருடம், எனக்கு ஆறு வயதில், என்னைத் தடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், சேர்த்தார்கள். முதல் வாரம் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக எழுப்பி, உங்கம்மா என்ன நல்லா செய்வாங்க என்று கேட்டார். ஒருத்தி கோழிக் கறி என்றாள். ஒருத்தன் கேக் என்றான். ஒருத்தி தையல் என்றாள். என் முறை வந்தது. நான் எழுந்து நின்று, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சத்தமாகச் சொன்னேன்.

"எங்கம்மா நல்லா ஓடுவாங்க."